புது லாஞ்ச் கோஸ்டர்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: சங்கிலியில் மேலே இழுத்துப் போய் விடும் பழைய ரோலர் கோஸ்டர்கள் முப்பது நாற்பது வருடமாக ஓடுகின்றன, ஆனால் மோட்டார் வேகத்தில் சட்டென்று பாயும் புது லாஞ்ச் கோஸ்டர்கள் திறந்த கையோடு மூடப்படுகின்றன, அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்காவில் வந்த டாப் திரில் 2 ஒரு வாரம் சொச்சம்தான் ஓடியது, அப்படியென்றால் இந்தத் தொழில்நுட்பமே இன்னும் பழுக்கவில்லையா, பதின்மூன்று வயது மகனோடு இதற்காகவே பயணம் போட்டால் ஏற முடியுமா, ஏறலாமா. கடைசி இரண்டு சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. "ஏற முடியுமா" என்பது அன்றைக்கு அது ஓடுமா என்ற கேள்வி. "ஏறலாமா" என்பது பாதுகாப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், ஒரு கோஸ்டர் அடிக்கடி நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் அது ஆபத்தானது என்று மனது முடிவு கட்டிவிடுகிறது. பெரும்பாலும் நிலைமை அதற்கு நேர்மாறு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் தொழில் லாஞ்ச் செய்யும் லீனியர் மோட்டார்கள், அவற்றுக்கு மின்சாரத்தை அளந்து கொடுத்து ஓட்டும் டிரைவ்கள், ரயிலைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றின் பராமரிப்பு. பல வருடமாக அதுதான் வேலை. இரும்புக் கட்டமைப்பின் உலோகச் சோர்வு, வெல்டிங் விரிசல் எல்லாம் வேறு ஆட்களின் துறை, அதைப் பற்றி இங்கே ஓரிரு வரிக்கு மேல் பேசப்போவதில்லை.

முதலில் "லாஞ்ச்" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒரே தொழில்நுட்பம் இல்லை. நம்பகத்தன்மையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கெட்ட பெயர் அதிகம் வாங்கியது ஹைட்ராலிக் லாஞ்ச். இண்டமின் நிறுவனம் 2002-இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பார்ம் பூங்காவில் எக்ஸெலரேட்டரைக் கொண்டுவந்தது, 2003-இல் சீடர் பாயிண்டில் டாப் திரில் டிராக்ஸ்டர் (இதைத்தான் பிறகு டாப் திரில் 2 ஆக மாற்றினார்கள்), 2005-இல் நியூ ஜெர்சியில் கிங்டா கா, 2010-இல் அபுதாபியில் மணிக்கு 240 கி.மீ. போகும் பார்முலா ரோசா. வேலை செய்யும் விதம் இதுதான்: பம்புகள் எண்ணெயைத் தள்ளி, சிலிண்டர்களில் இருக்கும் நைட்ரஜனை அழுத்தி வைக்கும். பொத்தானை அமுக்கியதும் அந்த அழுத்தம் முழுவதும் ஹைட்ராலிக் மோட்டார்களில் பாய்ந்து ஒரு பெரிய உருளையைச் சுழற்றும், உருளை எஃகுக் கேபிளைச் சுற்றி இழுக்கும், கேபிளின் முனையில் உள்ள இழுவை வண்டி ரயிலைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு ஓடும். மூன்று நான்கு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் அந்த இழுவை வண்டியும் நின்று, திரும்பி வந்து, அடுத்த ரயிலுக்குத் தயாராக வேண்டும்.

இதில் எத்தனை அசையும் பாகங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பம்பு, வால்வு, சீல், உருளை, கேபிள், கொக்கி. ஒவ்வொரு சவாரியிலும் எல்லாமே உச்சகட்ட சுமையில் வேலை செய்தாக வேண்டும். கேபிள் தேயும், இழை பிரியும், அதைக் கணக்கு வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிங்டா கா திறந்த சில வாரங்களிலேயே, 2005 ஜூனில், கேபிள் ஓடும் பள்ளத்துக்குள் ஒரு போல்ட் விட்டுப்போய், உள்பூச்சுத் தகடு தளர்ந்து கேபிளோடு உரசியதில் சேதமாகி, ஆகஸ்ட் வரை மூடிக் கிடந்தது. 2009-இல் எக்ஸெலரேட்டரில் லாஞ்ச் நடக்கும்போதே கேபிள் சிதைந்து முன்வரிசையில் இருந்த சிறுவனுக்குக் காலில் காயம். ஆகவே ஹைட்ராலிக்கைப் பற்றி "பாடாய்ப் படுத்தும்" என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அந்த வகைப் புதுக் கோஸ்டர்கள் கட்டப்படுவது ஏறக்குறைய நின்றே போய்விட்டது. 139 மீட்டர் உயரத்தோடு பல வருடம் உலகிலேயே உயரமானதாக இருந்த கிங்டா கா 2024-இல் மூடப்பட்டு 2025 பிப்ரவரியில் வெடி வைத்து இடிக்கப்பட்டது.

இங்கேயே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதி பயம் போய்விடும். டாப் திரில் டிராக்ஸ்டரின் கோபுரம் 128 மீட்டர். லாஞ்ச் வேகம் மணிக்கு 193 கி.மீ., அதாவது நொடிக்கு சுமார் 53.6 மீட்டர். உராய்வோ காற்றோ இல்லை என்று வைத்துக்கொண்டால் அந்த வேகம் ஒரு பொருளைச் சுமார் 146 மீட்டர் வரை ஏற்றும். ஆக மொத்தம் கையில் இருக்கும் உபரி 18 மீட்டர்தான், அதிலும் பெரும்பகுதியைக் காற்று எதிர்ப்பும் சக்கர உராய்வும் தின்றுவிடும். வேகம் 6, 7 சதவீதம் குறைந்தாலே, உராய்வே இல்லாத உலகத்தில்கூட ரயில் உச்சியைத் தாண்டாது. எதிர்க்காற்று, குளிரில் இறுகிய கிரீஸ், வழக்கத்தைவிடக் கனமான பயணிகள், இவற்றில் ஏதாவது கூடிவந்தால் போதும், ரயில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்று, வந்த வழியே பின்னோக்கி இறங்கும். இதற்கு ரோல்பேக் என்று பெயர். இது பழுது இல்லை, வடிவமைக்கும்போதே எதிர்பார்க்கப்பட்ட நிகழ்வு. ரயில் லாஞ்ச் தடத்தைக் கடந்ததுமே அந்தத் தடத்தில் வரிசையாகக் காந்த பிரேக் தகடுகள் மேலே எழுந்து நிற்கும், பின்னால் வரும் ரயில் அவற்றில் மாட்டி மெதுவாகும்.

அழுத்தக் காற்றால் தள்ளும் வகை இன்னொன்று, எஸ் அண்ட் எஸ் நிறுவனத்தின் கைவரிசை. இதன் வரலாறு இரண்டு துருவம். ஜப்பானின் பூஜி-க்யூ பூங்காவில் 2001-இல் வந்த டோடோன்பா 1.8 நொடியில் மணிக்கு 172 கி.மீ. எட்டியது, 2017-இல் மாற்றியமைத்தபோது 1.56 நொடியில் 180 ஆனது. பயணிகளுக்கு எலும்பு முறிவுகள் ஏற்பட்டதாகப் புகார்கள் வந்த பிறகு 2021-இல் நிறுத்தப்பட்டு 2024-இல் நிரந்தரமாக மூடப்பட்டது, ஆனால் அதற்குமுன் இருபது வருடம் ஓடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் கார் பந்தயத் திடலில் கட்டிய ரிங் ரேசர் மறுதுருவம்: 2009-இல் திறக்க இருந்தது, சோதனைக் காலத்தில் காற்றழுத்தத் தொகுதியில் வெடிப்பு, கடைசியில் 2013 அக்டோபர் 31 அன்று திறந்து நான்கே நாளில் மூடிவிட்டார்கள். அதிகம் விற்கப்படாத வகை, அதனால் பிழைகளைத் திருத்திக்கொள்ள அதற்கு வாய்ப்பும் அதிகம் கிடைக்கவில்லை.

இன்றைக்குப் புதிதாக வரும் கோஸ்டர்களில் நீங்கள் அதிகம் பார்ப்பது மின்காந்த லாஞ்ச். நம் மின்விசிறிக்குள் இருக்கும் வட்டமான மோட்டாரை ஓர் இடத்தில் வெட்டி, தடத்தோடு நீளமாக விரித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் லீனியர் மோட்டார். சுற்றுவதற்குப் பதில் நேராகத் தள்ளும். முதலில் வந்தது லீனியர் இண்டக்ஷன் மோட்டார், 1996-இல் அமெரிக்காவின் கிங்ஸ் ஐலண்ட், கிங்ஸ் டொமினியன் பூங்காக்கள் இரண்டிலும் திறந்த பிளைட் ஆப் பியர் கோஸ்டர்களில். தடத்தில் கம்பிச்சுருள், ரயிலில் வெறும் உலோகத் தகடு. எளிமையானது, ஆனால் மின்சாரத்தை விழுங்கும், தகடு சூடாகும். அடுத்து லீனியர் சிங்க்ரோனஸ் மோட்டார், சுருக்கமாக எல்.எஸ்.எம். இதில் ரயிலின் அடியில் வலுவான நிலைக்காந்தங்கள் இருக்கும், தடத்தில் இருக்கும் ஸ்டேட்டர் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான கணத்தில் உயிர்பெற்று அவற்றை இழுத்துத் தள்ளும். 1997-இல் ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்டில் டவர் ஆப் டெரரும், கலிபோர்னியாவில் சூப்பர்மேன் தி எஸ்கேப்பும் இதில்தான் மணிக்கு 160 கி.மீ. எல்லையைத் தொட்டன. ஆக இந்தத் தொழில்நுட்பத்துக்கு வயது முப்பதை நெருங்குகிறது. இதைப் போய் இன்னும் பழுக்காதது என்று சொல்ல முடியாது.

எல்.எஸ்.எம்.மில் உரசும் பாகமே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். ஸ்டேட்டருக்கும் காந்தத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி, தொடுதல் கிடையாது. தேய்வதற்குக் கேபிள் இல்லை, கசிவதற்கு எண்ணெய் இல்லை. ஆனால் அந்த இடைவெளிதான் எங்கள் தலைவலியும். இடைவெளி கூடினால் உந்துவிசை குறையும், குறைந்தால் உரசி உடையும். சக்கரம் தேயத் தேய ரயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும், வெயிலில் தடம் நீளும், இரண்டையும் சமாளித்து அந்தச் சில மில்லிமீட்டரைக் காக்க வேண்டும். காந்தம் எந்த இரும்புத் துணுக்கையும் ஈர்க்கும், யாரோ தவறவிட்ட ஒரு வாஷர் போதும், ஒரு ஸ்டேட்டரின் மேற்பரப்பைக் கிழித்துவிட. காலையில் தடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஸ்டேட்டரின் மூடுபூச்சில் மெல்லிய வெள்ளிக் கோடு தெரிந்தால், இரவு வரை ஓடிய ஏதோ ஒரு ரயில் அங்கே முத்தமிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். எந்த ரயில், எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்கும்வரை அதை ஓட்டமாட்டோம். வெளியில் நிற்பவர்களுக்கு "தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம்" என்று மட்டும் பலகை தெரியும்.

அப்புறம் மின்சாரம். உதாரணத்துக்குப் பத்து டன் எடையுள்ள ரயிலை நான்கு நொடியில் 193 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் சராசரியாகவே 3.6 மெகாவாட் வேண்டும், சீரான முடுக்கம் என்றால் கடைசிக் கணத்தில் அது இரட்டிப்பாகும். அதுவும் ரயிலுக்குள் போகும் சக்தி மட்டும், மோட்டாரின் இழப்பு தனி. வட்டார மின்கட்டமைப்பிலிருந்து இதை நொடிப்பொழுதில் உறிஞ்சினால் அக்கம்பக்கத்தில் விளக்கு மங்கும். அதனால் சுழல் சக்கரங்களிலோ கெப்பாசிட்டர் தொகுப்புகளிலோ சக்தியைச் சேமித்து வைத்து விடுவார்கள். ஆர்லாண்டோவில் 1999-இல் திறந்த ஹல்க் கோஸ்டருக்கே, அது டயர்களால் தள்ளும் வகை என்றாலும், இதற்கென்று கனமான சுழல் சக்கரங்கள் பூட்டிய மோட்டார்-ஜெனரேட்டர்கள் வைத்தார்கள். இந்த டிரைவ் அறையில் இருக்கும் பவர் எலெக்ட்ரானிக்ஸும் குளிரூட்டலும்தான் கோடை மதியத்தில் முதலில் முணுமுணுக்கும். வெப்பநிலை எல்லையைத் தொட்டதும் அமைப்பு தானே இடைவேளை எடுத்துக்கொள்ளும். சலிப்பூட்டும் விஷயம்தான், ஆபத்து இல்லை. தடத்தில் இருக்கும் ஸ்டேட்டர்களில் ஒன்று பழுதானாலும், பெரும்பாலான வடிவமைப்புகளில் அதை விலக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு ஓட்ட முடியும். ஹைட்ராலிக்கில் ஒரே கேபிள், போனால் போனதுதான்.

இப்போது நீங்கள் கேட்ட டாப் திரில் 2. பழைய டிராக்ஸ்டரில் 2021 ஆகஸ்டில் ஒரு கோர விபத்து நடந்தது. வரிசையில் நின்றிருந்த பெண்ணின் தலையில் ரயிலிலிருந்து கழன்ற ஓர் உலோகத் தகடு வந்து அடித்துப் படுகாயம். அந்தத் தகடு ரயில் எங்கே வருகிறது என்று சென்சாருக்குக் காட்டுவதற்கானது, உள்ளங்கை அளவுதான். கவனியுங்கள்: கேபிள் இல்லை, பம்பு இல்லை, லாஞ்சே இல்லை, ஒரு சின்னத் தகடும் அதைப் பிடித்திருந்த போல்ட்டும். அதன் பிறகு அதை மூடிவிட்டு, ஸாம்பெர்லா நிறுவனத்தை வைத்து எல்.எஸ்.எம். லாஞ்சோடு மாற்றிக் கட்டினார்கள். ஒரே பாய்ச்சலில் 193 எட்டாமல், முன்னால் 119 கி.மீ., பின்னோக்கி 163, மறுபடி முன்னால் 193 என்று ஊஞ்சலைப் போல மூன்று முறை தள்ளுவது. மோட்டாரின் மீதான உச்ச சுமையைக் குறைக்க இது நல்ல வழி. 2024 மே மாதத் தொடக்கத்தில் திறந்து, ஒரு வாரம் சொச்சத்தில் நிறுத்தி, அந்த சீசன் முழுக்க மூடியே வைத்து, 2025 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். பூங்கா அப்போது சொன்ன காரணம் ரயில் பெட்டிகளில் இயந்திர மாற்றம் செய்ய வேண்டும் என்பது. அதாவது லாஞ்ச் மோட்டார் அதைச் சாய்க்கவில்லை, ரயில்தான்.

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. புது கோஸ்டர்களில் லாஞ்ச்தான் பலவீனம் என்று எல்லோரும் கைகாட்டுகிறார்கள், என் அனுபவத்தில் முதல் சீசனில் அதிகம் இழுத்தடிப்பது ரயிலும் அதன் சக்கரமும். முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் 193 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 3,400 சுற்றுகளுக்கு மேல் சுற்றும். அதன்மேல் பாலியூரிதேன் என்ற, ரப்பர் மாதிரியான பூச்சு. அது மென்மையாக இருந்தால் சவாரி சுகமாக இருக்கும், ஆனால் உள்ளுக்குள் சூடாகிப் பிளவுபடும். கடினமாக இருந்தால் நீடிக்கும், ஆனால் அதிர்வெல்லாம் பெட்டிக்கும் பேரிங்குக்கும் போகும். சரியான கலவை எது என்று கணினியில் ஓரளவுதான் தெரியும், மீதியைத் தடம்தான் சொல்லும். ஆயிரக்கணக்கான சுற்றுகள், வெயில், மழை, காலிப் பெட்டி, நிறைந்த பெட்டி என்று எல்லாம் பார்த்த பிறகுதான் அந்த ரயில் எங்கே வலிக்கிறது என்று காட்டும்.

அதனால் ஒரு கோஸ்டரைப் பற்றிக் கேள்விப்பட்டால் "இது புதுசா" என்று கேட்காமல் "இதில் எது முதல்முறை" என்று கேளுங்கள். பல பூங்காக்களில் ஓடிப் பழகிய ரயிலும் பழகிய லாஞ்சும் வைத்து, தடத்தின் வளைவுகளை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அது முதல் வருடத்திலேயே ஒழுங்காக ஓட நல்ல வாய்ப்பு உண்டு. ரயில் புதுசு, உயரம் புதுசு, லாஞ்ச் முறையும் புதுசு என்று மூன்றும் சேர்ந்தால் முதல் இரண்டு சீசனுக்கு நம்பிப் பயணம் போடாதீர்கள். டாப் திரில் 2-இல் மூன்றாவது முழுக்கப் புதுசு இல்லைதான், ஆனால் அந்த உயரத்திலும் வேகத்திலும் அந்த ரயில் அதற்குமுன் எங்கேயும் ஓடியதில்லை.

இது லாஞ்சோடு வந்த நோயும் இல்லை. 1981-இல் கிங்ஸ் ஐலண்டில் ஆரோ நிறுவனம் தடத்துக்குக் கீழே ரயில் தொங்கும் தி பேட் என்ற கோஸ்டரைத் திறந்தது. சங்கிலி ஏற்றம்தான், லாஞ்ச் கிடையாது. வளைவுகளில் தடத்தைச் சாய்க்காமல் விட்டதால் ரயில் ஆடிய ஆட்டத்தில் பாகங்கள் தேய்ந்து, ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகமாகி, 1983-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். அதிலிருந்து படித்த பாடத்தோடு அதே நிறுவனம் 1984-இல் பிக் பேட் உல்ஃப் கட்டியது, அது 2009 வரை இருபத்தைந்து வருடம் ஓடியது. முதல் பிரதி பட்டால்தான் இரண்டாவது பிரதி பிழைக்கும் என்பது இந்தத் தொழிலின் நடைமுறை. இதற்கு எதிர்ப்பக்கம் சீடர் பாயிண்டின் மேவரிக். 2007-இல் திறப்பதற்கு முன்பே சோதனை ஓட்டத்தில் ரயில் பக்கவாட்டில் ஒரு முழுச் சுற்று உருளும் பகுதி ரயில்மீது அளவுக்கு மீறிய சுமையைப் போடுகிறது என்று தெரிந்ததும், கட்டி முடித்த அந்தத் தடத்துண்டையே கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வாரம் தாமதமாகத் திறந்தார்கள். அன்றைக்குச் செய்திகளில் அது தோல்வி மாதிரி வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்த முடிவு, இன்றைக்கும் மக்கள் விரும்பி ஏறும் எல்.எஸ்.எம். கோஸ்டர் அது.

மின்காந்த லாஞ்ச் எங்கேயும் தோற்கவில்லை என்று சொல்லவரவில்லை. அமெரிக்காவின் டாலிவுட் பூங்காவில் 2016-இல் திறந்த லைட்னிங் ராட், லாஞ்ச் வைத்த முதல் மரக் கோஸ்டர், மேட்டின்மேல் ஏறும்போதே எல்.எஸ்.எம். தள்ளும் அமைப்பு. வருடக்கணக்கில் நின்று நின்று ஓடி, கடைசியில் 2024-இல் லாஞ்சைப் பிடுங்கிவிட்டு வேகமான சங்கிலி ஏற்றம் வைத்துவிட்டார்கள். இதுவரை உறுதி. ஏன் தோற்றது என்பதில் நான் சொல்வது கணிப்பு: சமதளத்தில் தள்ளும் மோட்டாருக்கு வேகம் கூட்டும் வேலை மட்டும், மேட்டில் தள்ளும் மோட்டார் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும், ஒவ்வொரு ரயிலுக்கும், நாள் முழுக்க. அந்த வெப்பமும் சுமையும் டிரைவ்களைத் தின்றிருக்கும் என்பது என் ஊகம், அதற்குமேல் போகமாட்டேன்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். தடம் முழுவதும் பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் உள்ள பிளாக் காலியாகவில்லை என்றால் பின்னால் வரும் ரயில் நிறுத்தப்படும், லாஞ்சும் அனுமதி தராது. இதைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டுக் கணினி பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும், ஒரு சென்சார் "வந்துவிட்டது" என்றும் அதன் ஜோடி "வரவில்லை" என்றும் சொன்னால் யார் சரி என்று வாதம் பண்ணாமல் அமைப்பு மொத்தமாக நிறுத்திவிடும். லாஞ்ச் கோஸ்டரில் சென்சார்கள் மிக அதிகம், ஏனென்றால் மோட்டாருக்கு ரயில் எங்கே இருக்கிறது என்று கணத்துக்குக் கணம் தெரிய வேண்டும். சென்சார் கூடக்கூட இப்படிப்பட்ட கருத்து வேறுபாடும் கூடும், நிற்பதும் கூடும். ஒரு சிலந்தி வலை, ஒரு சொட்டு மழைநீர், தளர்ந்த ஒரு கனெக்டர் போதும். ஆர்லாண்டோவில் 2019-இல் திறந்த ஹாக்ரிட் மோட்டார்சைக்கிள் கோஸ்டரில் ஏழு லாஞ்ச்கள், பல ரயில்கள் ஒரே நேரத்தில். ஆரம்ப மாதங்களில் அது அவ்வளவு நின்றதில் எனக்கு வியப்பே இல்லை.

பிரேக் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போதைய கோஸ்டர்களில் வேகத்தைக் குறைப்பது காந்தமும் தாமிரத் தகடும். காந்தத்தின் நடுவே உலோகம் வேகமாக ஓடினால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிர்விசை பிறக்கும். இதற்கு மின்சாரம் தேவையில்லை, கணினி தேவையில்லை, ஊரே இருட்டானாலும் வேலை செய்யும். குறை ஒன்று உண்டு: வேகம் குறையக் குறைய விசையும் குறையும், அதனால் முழுசாக நிறுத்த வேறு பிரேக்கோ டயரோ வேண்டும். மற்ற பிரேக்குகளிலும் விதி ஒன்றுதான், காற்றழுத்தமோ மின்சாரமோ போனால் அது பிடித்த நிலைக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பாவின் ஈஎன் 13814, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்24 தரங்களெல்லாம் இப்படிப்பட்ட விஷயங்களைத்தான் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் அந்தத் தரத்தை யார் எவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில்கூட நிலையான பூங்காக்களுக்கு மத்திய அளவில் ஒரே கண்காணிப்பு அமைப்பு கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

எனக்குத் தூக்கம் கெடுப்பது மோட்டார் இல்லை. நிற்கும் அமைப்பை மனிதன் மீறுவதுதான். 2015 ஜூனில் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் தி ஸ்மைலர் என்ற கோஸ்டரில், அதுவும் சங்கிலி ஏற்றக் கோஸ்டர்தான், ஆளில்லாத ஒரு சோதனை ரயில் நடுத்தடத்தில் நின்றுபோனது. கட்டுப்பாட்டு அமைப்பு சரியாகவே கண்டுபிடித்து அடுத்த ரயிலை நிறுத்தியது. ரயில் அங்கே நிற்பது தெரியாமல், அது பொய்யான எச்சரிக்கை என்று நினைத்து, ஊழியர்கள் அந்த நிறுத்தத்தை மீறி ரயிலை அனுப்ப, அது நின்ற ரயிலில் மோதியது. அதில் பதினாறு பேர் ஏறியிருந்தார்கள், இரண்டு இளம்பெண்கள் தலா ஒரு காலை இழந்தார்கள். அந்தப் பூங்காவை நடத்தும் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். இயந்திரம் சொன்னதைக் கேட்டிருந்தால் அன்றைக்கு ஒன்றுமே நடந்திருக்காது. அதனால்தான் "அடிக்கடி நிற்கிறது" என்பதை நான் எச்சரிக்கையாகப் பார்ப்பதில்லை. நிற்க வேண்டிய நேரத்தில் நிறுத்தி, காரணம் தெரியும்வரை ஆளை ஏற்றாத பூங்காவைத்தான் நம்புவேன். பழைய முறை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகவும் ஆகிவிடாது. 2023-இல் அமெரிக்காவின் கரோவிண்ட்ஸ் பூங்காவில் உள்ள பியூரி 325-இல் தாங்குதூண் ஒன்றில் குறுக்கே ஓடிய விரிசலைக் கண்டது கீழே நின்ற ஒரு பார்வையாளர். அதுவும் எட்டு வருடமாக நல்ல பெயரோடு ஓடிய சங்கிலி ஏற்றக் கோஸ்டர்.

எந்த விஷயத்துக்கு எண்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கோஸ்டர் நாளில் எத்தனை நிமிடம் நின்றது என்ற கணக்கைப் பூங்காக்கள் வெளியிடுவதில்லை. ரசிகர்கள் காத்திருப்பு நேரச் செயலிகளிலிருந்து திரட்டும் பட்டியல்களில் மழைக்கு மூடியதும், ஆள் குறைவு என்று மூடியதும், பழுதுக்கு மூடியதும் ஒன்றாகக் கலந்துதான் இருக்கும். அதை வைத்து இந்த நிறுவனம் அந்த நிறுவனத்தைவிட மேல் என்று சதவீதம் போட்டுச் சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். எல்.எஸ்.எம். ஹைட்ராலிக்கைவிட நம்பகமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சங்கிலியைவிட நம்பகமானதா என்றால், அதிகம் ஓடும் நடுத்தர வேகக் கோஸ்டர்களில் கிட்டத்தட்ட சமம் என்பேன், உச்ச வேகக் கோஸ்டர்களில் இன்னும் சங்கிலிதான் மேல். ஆனால் அந்த வேகத்தைச் சங்கிலியால் கொடுக்க முடியாது என்பதால் அந்த ஒப்பீடே கொஞ்சம் அநியாயம்.

உங்கள் பயணத்துக்கு: டாப் திரில் 2-க்காக மட்டும் போகாதீர்கள். அந்தப் பூங்காவில் மற்றவற்றுக்காகப் போங்கள், அது ஓடினால் ஏறுங்கள். ஒரே நாளாக இல்லாமல் இரண்டு நாள் வைத்துக்கொண்டால் வாய்ப்பு நிறையக் கூடும். பலத்த காற்று, இடி மின்னல் உள்ள நாளில் உயரமான எதுவும் ஓடாது, அது எந்தத் தொழில்நுட்பமானாலும். காலையில் திறக்கவில்லை என்றால் மனம் தளராமல் பிற்பகல் ஒருமுறை எட்டிப் பாருங்கள், சோதனைச் சுற்று நீண்டுவிட்ட நாட்களில் அப்படித்தான் ஆகும். காலி ரயில்கள் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தால் பக்கத்திலேயே இருங்கள், பெரும்பாலும் சீக்கிரம் திறப்பார்கள்.

மகனை ஏற்றலாமா என்றால், உயர அளவுகோலைத் தாண்டினால் ஏற்றலாம், நானாக இருந்தால் ஏற்றுவேன். வயதைவிட உயரமும் உடல்வாகும்தான் முக்கியம், தடுப்புப் பட்டை இடுப்பில் சரியாக உட்கார வேண்டும். அளவுகோலில் ஒரு விரற்கடை குறைந்தாலும் கெஞ்சிக் கேட்டு ஏற்றாதீர்கள். தலையை இருக்கையோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள், லாஞ்ச் நேரத்தில் குனிந்து பார்த்தால் கழுத்தில் பிடித்துக்கொள்ளும். கைபேசி, தொப்பி, கண்ணாடி எதையும் கையில் வைத்துக்கொண்டு ஏற வேண்டாம், அந்த வேகத்தில் கழன்று பறக்கும் கைபேசி கீழே நிற்பவருக்குக் கல்லெறி. ரயில் பாதி ஏறி நின்று பின்னால் வந்தால் பயப்படாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள், பிரேக் பிடித்து நின்றதும் பெரும்பாலும் திரும்ப லாஞ்ச் செய்வார்கள், கூடுதலாக ஒரு பாய்ச்சல் கிடைக்கும். நடுவழியில் நின்றால் ஊழியர் வந்து சொல்லும்வரை தடுப்புப் பட்டையில் கை வைக்கக் கூடாது, எவ்வளவு நேரமானாலும்.